வலது காலருகே இருந்த 17 எழுத்துகள்

கையில் தகடு வெட்டும் கிரைண்டர் இருந்தது. பிளக்கும் செருகியாகிவிட்டது. பனிமேல் ஓடும் என் ஸ்னோமொபைலின் நசுங்கிய பழைய டனலில் (வண்டியின் நடு உடல் தகடு), வலது பக்கம், கால் வைக்கும் பலகைக்குச் சற்று மேலே, வண்டியின் அடையாள எண்ணான 17 எழுத்துகள் குத்தியிருந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் கட்டம் போட்டு வைத்திருந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் தகட்டை வெட்டியெடுத்து, புது டனலில் அதே இடத்தில் வைத்து நாலு ரிவெட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. அந்த நேரத்தில் கராஜுக்குள் நுழைந்த, நான் அண்ணன் என்று அழைக்கும் பெரியவர், கட்டத்தையும் என் கையையும் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் பொறும்" என்றார்.

அன்று அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என் ஸ்னோமொபைலை நான் நியாயமாக விற்கவோ, தைரியமாக டிரெயிலில் (ஸ்னோமொபைல் ஓடும் பனிப்பாதையில்) ஓட்டவோ முடியாத நிலைக்குக் கொண்டுபோயிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். ஒன்டாரியோவின் சட்பரியில், சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சின்ன ஊர்களுக்கும் வடக்கு நகரங்களுக்கும் என்று கனடா அரசு 2019-இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் சட்பரி, டிம்மின்ஸ், நார்த் பே, சூ செயின்ட் மேரி, தண்டர் பே எல்லாம் இருந்தன. இந்தப் பக்கம் கடைத்தெருவில் தமிழ் காதில் விழுவது அதற்குப் பிறகு சாதாரணமாகிவிட்டது. வந்தவர்கள் முதல் குளிர்காலத்தை வீட்டுக்குள் கழிக்கிறார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் ஏரி முழுக்க ஸ்லெட் ஓடுவதைப் பார்த்து (இங்கே யாரும் ஸ்னோமொபைல் என்று முழுசாகச் சொல்வதில்லை) தாங்களும் ஒன்று வாங்குகிறார்கள். பெரும்பாலும் பழையதுதான். பழைய ஸ்லெட் வாங்குகிற, அதைத் தன் கையால் பழுது பார்க்கிற எல்லோருக்கும் இந்த எண் விவகாரம் என்றாவது ஒருநாள் எதிரே வந்து நிற்கும்.

என்னுடையது 2014 மாடல். முதலில் டனல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஸ்லெட்டின் நடுவில் முன்னிருந்து பின்வரை ஓடும், கவிழ்த்து வைத்த 'ப' போன்ற அலுமினியத் தகடு அது. அதன் மேலே பெட்ரோல் டாங்க், சீட். அதன் கீழே வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக்கும் பின் சஸ்பென்ஷனும். இரண்டு பக்கமும் கால் வைக்கும் பலகைகள். முன்னால் இன்ஜினைத் தாங்கும் பகுதியோடு ரிவெட்டால் இணைந்திருக்கும். தண்ணீரில் குளிரும் இன்ஜின் என்றால், அந்தக் கூலர் கூட டனலின் அடியில்தான் இருக்கும். டிராக் சுழன்று வாரியடிக்கிற பனி அதில் பட்டு உள்ளே ஓடும் கூலன்ட்டைக் குளிரவைக்கும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் பதிலாகப் பனியையே பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டை முதல்முறை பிரித்துப் பார்த்தபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஆக, ஸ்லெட்டில் மற்ற எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். இன்ஜின், ஸ்கீ (முன்னால் இருக்கும் சறுக்குப் பலகை), ஹூட், டிராக், சீட் எதை மாற்றினாலும் அது அதே வண்டி. டனலில்தான் எண் இருக்கிறது. ஊரில் சேசிஸ் நம்பர் என்போமே, அதுதான் இங்கே வின். ஓனர்ஷிப் என்கிற வண்டிப் பதிவுத் தாளில் இருப்பதும் அந்த எண், இன்சூரன்ஸில் இருப்பதும் அந்த எண், வண்டி திருடுபோனால் போலீஸ் கணினியில் ஏறுவதும் அந்த எண். டனலைத் தூக்கிப் போட்டால் வண்டியின் பெயரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம்.

விபத்து பெரிய கதை இல்லை. பிப்ரவரி மாதம், வானபிட்டே ஏரியிலிருந்து கரையேறும் இடம். சட்பரி முழுக்கப் பாறை நிலம். பனி மூடிவிட்டால் மேடு எது, பாறை எது என்று தெரியாது. ஸ்கீ பாறையைத் தாண்டிவிட்டது, பின் சஸ்பென்ஷன் தாண்டவில்லை. எனக்கு முழங்காலில் வலி, அவ்வளவுதான். வண்டியைக் கராஜில் தூக்கி வைத்துப் பார்த்தபோது, சஸ்பென்ஷனின் முன் கை டனலில் போல்ட் ஆகும் இடம் கிழிந்து, அங்கிருந்து மேல்மூலைவரை விரிசல் ஓடியிருந்தது. கால் பலகைக்கு முன்னால் தகடு மடிந்திருந்தது.

தட்டி நிமிர்த்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்கோடி மட்டும் வளைந்திருந்தால் நிமிர்த்துவது சரி, பலரும் செய்கிறார்கள். போல்ட் ஏறும் இடம் கிழிந்தால் கதை வேறு. இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் கோணலாக உட்காரும், டிராக் ஒரு பக்கமாக இழுக்கும், அது உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகள் ஒரு பக்கம் மட்டும் தேயும். மடிந்த அலுமினியத்தைத் திரும்ப மடக்கினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி வெடிக்கும் என்பது பட்டறையில் தினமும் பார்ப்பது. இன்சூரன்ஸில் நான் எடுத்திருந்தது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும். என் வண்டியின் சேதம் என் தலையில். மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் மலிவான வழியைத்தான் தேடினேன். விளம்பரம் ஒன்றில் அதே மாடலின் பழைய டனல், 300 டாலர். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். விற்றவர் அன்பாகப் பேசினார், காபி கொடுத்தார். டனல் நேராக இருந்தது, கூலரும் கூடவே இருந்தது. எண் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்த்த தடம். பூட்ஸ் பட்டுத் தேய்ந்தது என்றார். பூட்ஸ் உராய்ந்தால் நீளவாக்கில், மேலிருந்து மெல்ல மெல்ல மங்கும். இது டிஸ்க் பட்ட தடம், நான் தினமும் கையில் வைத்திருக்கும் கருவியின் தடம். அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் யார் கையில் இருந்ததோ. வண்டியின் ஓனர்ஷிப் தாள் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

அன்று எனக்குச் சட்டம் தெரியாது, ஏதோ உறுத்தியது, அவ்வளவே. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எண் முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட வண்டியையோ, அதன் ஒரு பாகத்தையோ வைத்திருந்தால், மாறான சான்று இல்லாதவரை அது குற்றத்தின் வழியாகக் கிடைத்தது என்பதற்கு அதுவே சான்று என்கிறது கனடாவின் குற்றவியல் சட்டம், பிரிவு 354. பாகம் என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. அந்த 300 டாலர் டனலை டிரெயிலரில் ஏற்றியிருந்தால் அதை விளக்கவேண்டிய ஆள் நானாகியிருப்பேன்.

எண் அழியாத பழைய டனல் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் அது பாகம் வாங்குவதாகாது. அந்த டனலுக்கு ஏற்கெனவே ஒரு எண் உண்டு, ஒரு பதிவு உண்டு, ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரிடமிருந்து ஓனர்ஷிப்போடு வாங்கி, உங்கள் பெயருக்குப் பதிவு செய்து, உங்கள் இன்ஜினையும் மற்றதையும் அதில் ஏற்றினால், இனி ஓடப்போவது அந்த வண்டி. உங்கள் பழைய எண் ஓய்வுக்குப் போக வேண்டும். அந்த எண்ணின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டிக்கடன் எண்ணின் பெயரில் பதிவாகியிருக்கும், ஒன்டாரியோவில் எண்ணைக் கொடுத்தே அதைத் தேடிப் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்று அறிய, கனடாவின் மத்தியப் போலீஸான ஆர்.சி.எம்.பி. நடத்தும் போலீஸ் தகவல் மையத்தின் இணையதளத்தில் பொதுமக்களே எண்ணை இட்டுப் பார்க்கலாம். எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.

கடைசியில் புது டனலே வாங்கினேன். இணையத்தில் ஒரு பாகக் கடை. பணம் கட்டினேன், ஒன்பது நாளில் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பளபளவென்று வெறும் தகடு. வலது பக்கம் எண் இருக்கவேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் 'பழையதை வெட்டி இதில் ஒட்டிவிடலாம்' என்ற யோசனை பிறந்தது. இதைப் படிக்கும் கைவேலைக்காரர்களில் பாதிப்பேருக்கும் அதே யோசனைதான் வரும். எண் என் வண்டியுடையது, தகடு என் வண்டியுடையது, இதில் என்ன தப்பு என்று தோன்றும்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கார்பரோவில் நீண்ட காலம் கார் பாடி ஷாப் நடத்திவிட்டு, மகளோடு இருக்க இங்கே வந்தவர். அவர் கிரைண்டரை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "உந்தத் துண்டை வெட்டி மற்றதில ரிவெட் அடிச்சால், களவு வண்டிக்காரன் செய்யிற வேலைக்கும் உம்மட வேலைக்கும் பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் வித்தியாசமே இல்லை. திருடிய வண்டியின் எண்ணைத் தூக்கிப்போட்டு, நொறுங்கிப்போன வேறொரு வண்டியின் எண்ணை வெட்டிவந்து ஒட்டுவதுதான் பழைய முறை. நான் செய்யவிருந்ததும் கைப்பழக்கத்தில் அச்சு அசல் அதே வேலை.

"என்ரை வண்டிதானே அண்ணா, ஓனர்ஷிப் என் பேரில்தானே இருக்கு" என்றேன். எங்கள் வீட்டில் அவரோடு பேசிப் பேசி என் பேச்சிலும் அவருடைய 'என்ரை' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உம்மட வண்டி எண்டு எனக்குத் தெரியும். அதைக் காட்டக்கூடிய ஒரே சாமான் உந்தப் பழைய டனல். அதைத்தானே வெட்டப் போறீர்? வெட்டாமல் அப்பிடியே டீலரிட்டக் கொண்டுபோய்க் காட்டும். அவையள் சொன்னபிறகு வெட்டலாம்."

இந்த முழு அனுபவத்தில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டால் நான் சொல்வது அதைத்தான். வரிசை முக்கியம். முதலில் காகித வேலை, பிறகு கிரைண்டர். எண் பழைய டனலில், பழைய டனல் வண்டியில், வண்டி உங்கள் கராஜில் இருக்கும்போது நீங்கள் சொல்வதை எல்லாரும் நம்புவார்கள். எண் தனித் துண்டாகக் கையில் இருக்கும்போது அது யாருடைய வண்டித் துண்டு என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். குற்றவியல் சட்டத்தில் 353.1 என்று ஒரு பிரிவு, 2010-இல் நிறைவேறிய திருத்தத்தால் வந்தது. தக்க காரணம் இல்லாமல் வண்டியின் எண்ணை மாற்றினாலோ, எடுத்தாலோ, அழித்தாலோ ஐந்து வருடம்வரை சிறை. அந்தச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கம் அகலமானது, ஸ்லெட்டும் அதற்குள் வரும். அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: வழக்கமான பராமரிப்பிலோ, நியாயமான காரணத்துக்காகச் செய்யும் பழுதுபார்ப்பிலோ எண் எடுபட்டால் அது குற்றம் இல்லை. படித்ததும் மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது. என் பழுதுபார்ப்பு நியாயமானது என்பதற்கு என்ன வைத்திருக்கிறேன்? அப்போது என்னிடம் இருந்தது டனல் வாங்கிய ரசீது மட்டும்.

மறுநாளிலிருந்து சேகரிக்கத் தொடங்கினேன். வண்டி முழுவதும் தெரியும்படி ஒரு படம், பிறகு மெல்ல மெல்லக் கிட்டே போய்க் கிழிசல், மடிப்பு, எண். எண்ணை மட்டும் தனியாக எடுத்த படத்தால் பயன் குறைவு. அந்த எண் அந்த நொறுங்கிய வண்டியில்தான் இருந்தது என்று தெரிய வேண்டும். அதனால் ஒரே படத்தில் எண்ணும் சேதமும் விழும்படியும் இரண்டு எடுத்தேன். பக்கத்தில் இருந்த கம்பெனி ஒட்டு (ஸ்டிக்கர்), அதில் இருந்த தயாரிப்பு மாதம், இன்ஜினில் குத்தியிருந்த இன்ஜின் எண் எல்லாவற்றையும் எடுத்தேன். இன்ஜின் எண் வேறு, வண்டி எண் வேறு. ஆனால் இரண்டும் சேர்ந்து கம்பெனிப் பதிவில் இருக்கும், சந்தேகம் வந்தால் அது துணைக்கு வரும்.

பிறகு ஊர் ஞாபகத்தில் இன்னொன்று செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைக்குச் சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போமே, அதேபோல் இரண்டு தாளில் எடுத்தேன். தேய்ந்துபோன எழுத்து படத்தில் மங்கலாகத் தெரிந்தது, பென்சில் அச்சில் தெளிவாக விழுந்தது. டீலர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

எண்ணைப் படிக்கும்போது சில விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. 17 எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம். முதல் எழுத்து 2 என்றால் தயாரானது கனடாவில். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: 2014 என்றால் ஈ, 2015 என்றால் எஃப். ஓனர்ஷிப் தாளில் உள்ளதையும் டனலில் உள்ளதையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பழைய வண்டி வாங்கும் அன்றே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஓனர்ஷிப்பில் ஓர் எழுத்து தவறாக ஏறியிருந்தது. விற்றவர் ஊரை விட்டுப் போனபின்தான் அது தெரிந்தது.

எங்கள் பக்கத்து டீலர் கடையில் நான் பெட்டியையும், பழைய டனலோடு வண்டியையும் சேர்த்தே கொண்டுபோனேன். பாகம் விற்கும் மேசையில் இருந்தவர் பொறுமையான மனிதர். என் ஓனர்ஷிப், டிரைவிங் லைசென்ஸ், புது டனலின் ரசீது, படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். இந்த இடத்தில் கம்பெனி பெயரைச் சொன்னால் 'ஓ, இதுதான் வழி' என்று எல்லாரும் அதையே பின்பற்றுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை மாறும், மாகாணத்துக்கு மாகாணமும் மாறும். எங்கே இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய எண்ணுக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள், எழுத்தில் தருவீர்களா?

எனக்கு வந்த பதில் இது. டீலரின் பட்டறையிலேயே, அவர் கண் முன்னால், பழைய எண் உள்ள தகட்டை வெட்டி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்புவார். அதே எண்ணோடு புது ஒட்டும், இன்ன காரணத்தால் டனல் மாற்றப்பட்டது என்ற கடிதமும் வரும். ஆக, கடைசியில் நான் போட்ட அதே மார்க்கர் கட்டத்தின் மேல்தான் வெட்டு விழுந்தது. அதே வெட்டு, என் கராஜில் தனியாக விழாமல் டீலர் கடையில் சாட்சியோடு விழுந்தது.

ஆறு வாரம் ஆனது. மார்ச் முடிந்தது, ஏரியில் பனி இளகியது, அந்தப் பருவம் போயிற்று. காத்திருக்கும்போது மனது குறுக்குவழி தேடும். எழுத்து குத்தும் உளி செட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நாமாகக் குத்தினால் எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி எதுவும் கம்பெனி எழுத்தோடு ஒத்துப்போகாது. அதைப் பார்க்கும் போலீஸுக்கு அது மறுகுத்தல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். உண்மையான எண்ணைப் பொய்யான எண் போலத் தோன்றவைப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒட்டு வந்தபின் டீலரிடமும் கேட்டேன், கூடவே குத்திக்கொள்ளட்டுமா என்று. கடிதத்தில் சொல்லாத எதையும் செய்யாதீர்கள் என்றார்.

அந்த ஆறு வாரத்தில் வண்டியைப் பிரித்துப் புது டனலில் ஏற்றினேன். இந்தப் பகுதியை விரிவாகவே சொல்கிறேன், இங்கே நான் பட்ட சிரமம் அடுத்தவருக்குக் குறையட்டும்.

கூலன்ட்டை வடித்து, சீட்டும் டாங்க்கும் எடுத்து, டிராக்கின் இழுவிசையைத் தளர்த்திவிட்டு, சஸ்பென்ஷனின் நாலு போல்ட்டைக் கழற்றினால் டிராக்கும் சஸ்பென்ஷனும் தனியே வரும். அடுத்து செயின் கேஸும் டிரைவ் ஷாஃப்ட்டும். இதுவரை ஸ்பானர் வேலை. பிறகு ரிவெட். நூற்றுக்கு மேல் எண்ணினேன். ரிவெட்டின் நடுவில் இருக்கும் இரும்புத் தண்டை முதலில் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் தட்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் டிரில் வைத்தால் முனை வழுக்கித் துளையை அகலமாக்கிவிடும். முதல் ஏழெட்டு ரிவெட்டில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பெரும்பாலான துளைகள் 3/16 அங்குலம், சில இடங்களில் கால் அங்குலம். இன்ஜின் பகுதியோடு சேரும் இடங்களில் துளை அகன்றுவிட்டால் இணைப்பு ஆடும். அங்கே அவசரம் கூடாது.

அலுமினியத் துருவல் எல்லாம் இன்ஜினுக்குக் கீழே வயிற்றுப்பகுதியில் போய் விழும். வாக்குவத்தால் உறிஞ்சி, பிறகு காந்தத்தையும் சுற்றிவிட்டு இரும்புத் தண்டுகளை எடுங்கள். கிளட்ச் பெல்ட்டில் ஒன்று சிக்கினால் போதும்.

கூலரைப் பழைய டனலிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டும் முன், காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் குமிழி வந்தது. பாறை அடித்த அதிர்ச்சியில் மெல்லிய விரிசல். பார்க்காமல் மாட்டியிருந்தால் எல்லா ரிவெட்டையும் மறுபடி டிரில் செய்திருப்பேன். அதற்குத் தனியாகச் செலவானது.

புது டனலை முன்பகுதியோடு சேர்க்கும்போது உடனே ரிவெட் அடிக்கவில்லை. விமான வேலையில் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கிளீகோ என்ற சிறிய பிடிப்பான்கள் உண்டு. அவற்றால் பிடித்துவைத்து, சஸ்பென்ஷன் துளைகளை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை அசைத்துச் சரிசெய்தபின்தான் ரிவெட். ரிவெட்டும் கம்பெனி சொன்ன வகையே வேண்டும். சாதாரணக் கடை ரிவெட்டில் தண்டு விழுந்துவிடும், உள்ளே வெற்றிடம் இருக்கும், எடையைத் தாங்காது. இரும்பு ரிவெட் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஈரத்தில் அரிக்கும், டிரெயிலரில் ஏற்றிச் சாலை உப்புப் படும்போது இன்னும் வேகமாக.

ஒட்டு வந்த அன்று வீட்டுக்குள் இருப்பதுபோல் கராஜைச் சூடாக்கி, ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்து, பழைய எண் இருந்த அதே இடத்தில் ஒட்டினேன். டீலர் ஒட்டியபின் ஒரு படம் கேட்டிருந்தார், அனுப்பினேன். டனல்மேல் கலர் வினைல் ஒட்டுவது இங்கே வழக்கம், என் மகனுக்கும் ஆசை. எண் இருக்கும் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய டனலை பவுடர் கோட்டிங் செய்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். குத்திய எழுத்தின் பள்ளம் பெயின்ட்டால் நிரம்பினால், அழித்ததற்கும் மூடியதற்கும் வித்தியாசம் விளக்குவது உங்கள் வேலையாகிவிடும்.

அலுவலக வேலை குறைவுதான். மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒன்டாரியோவில், எண் மாறாததால் பதிவில் மாற்ற ஒன்றுமில்லை என்றார்கள். போலீஸின் அவசரமற்ற தொலைபேசிக்கு அழைத்து விவரம் சொன்னேன், குறித்துக்கொண்டு ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குக் கடிதத்தின் நகலை அனுப்பினேன். எண் வெட்டிய மீதி டனலை அப்படியே காயலான் கடைக்குப் போடாமல், குறுக்கே நாலு துண்டாக்கிப் போட்டு எடைச்சீட்டையும் வாங்கி வைத்தேன். யாராவது அந்தத் தகட்டை எடுத்து இன்னொரு வண்டிக்குப் போடக்கூடாது என்பதற்காக அண்ணன் சொன்னது அது.

அடுத்த ஜனவரியில் டிரெயிலில் போலீஸ் சோதனை. குளிர் மைனஸ் 24. என் பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான். டிரெயில் பெர்மிட், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்த அதிகாரி, குனிந்து கையுறையால் வலது பக்கப் பனியைத் துடைத்தார். ஒட்டைப் படித்தார். விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, குத்திய எண் எங்கே என்று கேட்டார்.

சீட்டுக்குக் கீழே, தண்ணீர் புகாத பையில் வைத்திருந்த உறையை எடுத்துக் கொடுத்தேன். கம்பெனிக் கடிதம், டனல் ரசீது, நொறுங்கிய வண்டியின் இரண்டு படம், பென்சில் அச்சுத் தாள். அவர் கடிதத்தை ஹெட்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை படித்தார். பென்சில் தாளை ஒட்டின் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு எல்லாவற்றையும் மடித்து உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையில் பனி மெலிந்திருக்கிறது, டிரெயில் கம்பங்களை விட்டு விலகாமல் போங்கள் என்றார்.